ஆறாம் நாள் வாக்கியம்

எலும்பு மஜ்ஜையில் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்த புற்றுநோயோடு சண்டையிட, தணிகாசலத்தின் ரத்த அணுக்களையே எடுத்துப் பழக்கி, மறுபடி அவர் உடம்பில் ஏற்றியிருந்தார்கள். இந்தச் சிகிச்சை மூளையைத் தொட்டால் எழுத்தில் தெரிந்துவிடுமாம். அதனால் தினமும் காலையில் நர்ஸ் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வாள். ஐந்து நாளும் அவர் எழுதியது ஒன்றேதான்: ‘கோமளா போடும் காப்பியில் சர்க்கரை குறைவு.’

“ஆஸ்பத்திரி ஃபைல்லயுமா என் மானத்த வாங்கணும்?” என்பாள் மனைவி கோமளா.

ஆறாம் நாள் சற்று யோசித்துவிட்டு எழுதினார். எழுத்துகள் கோணாமல் நின்றன. “சூப்பர், சார்!” என்றாள் நர்ஸ்.

கோமளா எட்டிப் பார்த்தாள். ‘கோமளா போடும் காப்பி அருமை.’

அவள் கை கட்டில் கம்பியை இறுகப் பற்றியது. “சிஸ்டர், உடனே டாக்டரக் கூப்பிடுங்க.”

தணிகாசலம் பேனாவை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.