அட்மின் வேல்ராஜ்

சங்கரன்கோவில் வேல்ராஜ் சொந்தமாக ஒரு மொழியையே உண்டாக்கி, 'நுமாரி' என்று பேரும் வைத்திருந்தான். அம்மாவுக்கும் மனைவி சங்கரேஸ்வரிக்கும் பாடம் எடுத்து அலுத்துப்போய், டெலிகிராமில் குழு ஆரம்பித்தான். இரண்டு வருடமாக ஈ ஓட்டிய குழுவில், மூன்று நாளாக அனல் பறந்தது.

"ஏட்டி சங்கரேஸ்வரி, 'முள்முருங்கை'ன்னு ஒருத்தன், 'கிழட்டுப்புலி'ன்னு ஒருத்தன். நுமாரில ஒருத்தனை ஒருத்தன் என்னமா ஏசுதானுவ! நான் உண்டாக்காத கெட்ட வார்த்தையெல்லாம் இவனுவளே உண்டாக்குதானுவ!"

"பாஷை வளருதுல்லா? விட்டுருங்க."

"அப்போ அட்மின்னு நான் எதுக்கு? மூணு நாளா நீயும் அம்மாவும் வாயத் தொறக்காம எவ்வளவு மரியாதையா இருக்கிய! ரெண்டு பயலுவளையும் தூக்குதேன்."

தூக்கினான்.

அடுப்படியிலிருந்து அம்மா செல்லும் கையுமாக வந்தாள். தன் செல்லைப் பார்த்த சங்கரேஸ்வரி நிமிர்ந்தாள்.

"அத்தை, உங்களையும் தூக்கிட்டாவளா?"

"ஆமா தாயி."

அம்மா மகனிடம் திரும்பினாள்.

"ஏலே, ஒழுங்கா ரெண்டு பேரையும் திரும்பச் சேரு. இல்லன்னா எங்க சண்டையத் தமிழ்லயே ஆரம்பிச்சிருவோம். ரத வீதியே நம்ம வாசல்ல வந்து நிக்கும்!"