எதிரி நாட்டுச் சித்தி

"எம் பொண்ணுக்கு நீங்களே சண்ட போடக் கத்துக் குடுத்தா எப்பிடி டீச்சர்?"

வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வார்த்தை. சொல்லி முடித்ததும் அம்சா ஓரடி பின்னால் தள்ளி நின்றாள். ஐந்தாவதோடு நின்றவள். பத்தாம் வகுப்புக்குள் இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கால் வைக்கிறாள்.

சாப்பாட்டு மணி அடித்து, பிள்ளைகள் தட்டோடு வெளியே போயிருந்தார்கள். ஸ்ரீலக்ஷ்மி டீச்சர் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினார்.

"உக்காருங்கம்மா. ஸ்வேதா அம்மாதானே? என்ன சண்டை?"

"நிஷாவோட பேசக் கூடாதுன்னு சொன்னீங்களாமே. ரெண்டும் அண்ணன் தம்பி பொண்ணுங்க டீச்சர். எங்க வூட்டுக்கும் அவங்க வூட்டுக்கும் நடுவுல ஒரு செவுருதான்."

டீச்சர் சிரித்தார்.

"அது உலகப் போர் பாடம்மா. எந்த வருஷம், எந்த நாடுன்னு கேட்டா கடகடன்னு ஒப்பிக்கிறாங்க. குண்டே விழாத ஊர்ல சனங்க என்ன கஷ்டப்பட்டாங்கன்னு கேட்டா முழிக்கிறாங்க. அதான் கிளாஸை ரெண்டு அணியாப் பிரிச்சேன். பத்து நாளைக்கு இந்த அணி அந்த அணியோட பேசக் கூடாது. பேனா இரவல் கிடையாது, ஊறுகாய் பங்கு கிடையாது. கடைசி நாள் சமாதான ஒப்பந்தம். யார் யாருக்கு என்ன நஷ்டம்னு எழுதிட்டு வரணும்."

"இங்க இன்னா வேணா பண்ணுங்க. வூட்லயும் பேச மாட்டேங்குது டீச்சர். நிஷா அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாடின்னா, அது எதிரி நாட்டுச் சித்தி, எல்லையத் தாண்ட மாட்டேங்குது."

"அவ்வளவுதானே? நீங்களே போய்ச் சொல்லிடலாமே."

அம்சா முந்தானையை விரலில் சுற்றினாள்.

"நாங்க பேசிக்கிறதில்ல."

"எவ்வளவு நாளா?"

"நாலு வருஷமா."

"எதனால?"

"ஒரு ஆடுங்க."

"ஆடா?"

"அவ ஆடு, நான் காய வெச்ச கூழ் வத்தல பூரா தின்னுடிச்சு. ஏன்டி கீதா, ஆட்டக் கட்டி வெக்கக் கூடாதான்னு கேட்டேன். வத்தல்ல உப்பே இல்லக்கா, ஆட்டுக்குத்தான் லாயக்குன்னா."

டீச்சர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தார். வாய் ஓரம் துடித்தது.

"முதல் உலகப் போரும் நாலு வருஷம்தாம்மா."

"இத்தினி நாளா ஒரு கொறையும் இல்லிங்க. கேஸ் வண்டி வந்துச்சா, மோட்டாருக்கு யாரு மொறை, எதுன்னாலும் இந்தப் பொண்ணுங்க ரெண்டும் சொல்லிக்கும். மாமாவுக்கு யார் வூட்ல சோறுங்கறதுகூட அதுங்க வாயிலதான்."

"மாமான்னா?"

"எங்க மாமனாரு. நான் நடவுக்குப் போற அன்னிக்கு அவருக்கு கீதா வூட்ல சோறு. அவ போற அன்னிக்கு என் வூட்ல."

அம்சாவின் குரல் இறங்கியது.

"திங்கக்கெழம எனக்கு மானாம்பதியில நடவு. வண்டி ஏறும்போது, சித்திகிட்ட சொல்லிடுடின்னேன். 'நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லு'ன்னுட்டு இங்க வந்துடிச்சு. நானாவது, அவகிட்ட சொல்றதாவது. அவ வூட்லதான இருப்பா, போட்டுடுவான்னு போயிட்டேன்."

"கீதா?"

"அவளுக்கும் அன்னிக்கே மாகறல்ல நடவு. அவளும் இதத்தான் நெனச்சிக்கீறா. சாயந்தரம் வந்து பாத்தா, பூட்டுன ரெண்டு வூட்டையும் மாறி மாறிப் பாத்துக்கினு மனுசன் வாசல்ல குந்திக்கினு கீறாரு. சக்கர இருக்குது டீச்சர் அவருக்கு. காலையில குடிச்ச டீதான். கை நடுங்குது."

"ஐயோ."

"பின்னாடியே கீதா வந்தா. 'மாமாவுக்கு சோறு போடல?'ன்னு கேட்டுட்டேன். 'நீ போட்டிருப்பன்னு நெனச்சேன்க்கா'ன்னா. அப்புறம் இன்னா, நான் ஒலை வெக்க, அவ ஓடிப்போயி பிஸ்கட்டு வாங்கியாற. சாப்ட்டு முடிச்சிட்டு, 'நாளைக்கு எந்த மருமவ வூடு?'ன்னாரு. ரெண்டு பேருக்கும் மூஞ்ச எங்க வெச்சிக்கிறதுன்னு தெரியல."

"இப்ப நல்லா இருக்காரா?"

"நல்லாத்தான் கீறாரு. நேத்து ரெண்டு வூட்லயும் சாப்ட்டாரு."

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்த நேரத்துக்கு உங்க ஊர்ல இருந்து பஸ் இல்லையே. எப்படி வந்தீங்க?"

"ஸ்கூட்டில. ஸ்கூல் கேட்டாண்ட புங்க மரத்துக் கீழ நிக்கிறா."

"யாரு?"

"கீதா." அம்சா தலையைக் குனிந்துகொண்டாள். "உங்ககிட்ட வந்து கேக்க அவளுக்கு பயம். நீ பெரியவ, நீ போய்க் கேளுக்கான்னா."

டீச்சர் எட்டி கேட் பக்கம் பார்த்தார்.

"அதுங்க ரெண்டையும் ஒரே பக்கம் போட்டுடுங்க டீச்சர். பொறந்ததுல இருந்து ஒட்டிக்கினு இருந்த பிள்ளைங்க. மூஞ்சியத் திருப்பிக்கினு தனித்தனியா ஏரிக்கரையில நடந்து வர்றதப் பாத்தா வயிறு எரியுது. இப்பிடிப் பிரிச்சி வெக்கிறது பாவம்."

"நான் பிரிக்கலம்மா."

டீச்சர் மேஜை டிராயரைத் திறந்தார். மடித்த சீட்டுகள் கிடந்தன. இரண்டை எடுத்துப் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் ஸ்வேதா, மற்றதில் நிஷா. இரண்டிலும் ஒரே அணியின் பெயர்.

"சீட்டுக் குலுக்கித்தான் போட்டேன். ரெண்டு பேரும் ஒரே பக்கம்தான் வந்தாங்க. அன்னைக்கு சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் ஜோடியா வந்து நின்னு, எங்களை எதிரெதிர் பக்கம் மாத்திடுங்கன்னு ஒரே கெஞ்சல்."

"எதுக்காம்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். உங்க பொண்ணு சொன்னா: 'நாங்க பேசிக்கினு கீற வரைக்கும் எங்க அம்மாங்க பேசிக்க மாட்டாங்க டீச்சர்.'"