இரண்டாவது டிக்

பரிசோதனைக்கு எடுத்துவைத்த இத்ரூஸின் இரத்தத்தில் இருபத்தோராம் நாளில்தான் அந்த அபூர்வக் கிருமி வளர்ந்தது.

"இதயத்துல வச்ச வால்வுல புடிச்சிருக்கு, நானா," என்றார் டொக்டர் கிருஷாந்தினி. "மாத்தளைப் பக்கம் முந்தி ஒருத்தருக்குத்தான் வந்திச்சு. உங்க மஸீஹாவுக்கு."

மனைவி மஸீஹா மவுத்தாகி, அடக்கி மூன்று வருடம். அவள் நெஞ்சிலும் இதேபோல ஒரு வால்வு டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

டொக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்தார். எடுத்து, மறுபடி வைத்தார்.

"ஒரு வால்வுதானே? ரெண்டு டிக் கேக்குதே. மணிக்கூட்டை முழுங்கினீங்களா?"

இத்ரூஸ் சிரிக்கவில்லை. உக்குவளை வீட்டில் தனியாகக் கிடப்பவருக்கு இரண்டு மாதமாக அந்த இரண்டாவது டிக்தான் துணை. மஸீஹாவின் வால்வுச் சத்தம் அவருக்குத் தெரியாதா?

"மருந்து ஏத்தினா அந்த ரெண்டாவது டிக் நிண்டுடுமா, டொக்டர்?"

"நிக்கணும். இல்லாட்டி உசிருக்கே ஆபத்து. இன்னைக்கே வார்ட்டுல சேந்துடுங்க."

தலையாட்டிவிட்டு எழுந்தவர் வார்ட்டைக் கடந்து பஸ் நிலையத்துக்கு நடந்தார். நெஞ்சுக்குள் டிக் என்றது. மஸீஹா மேட்டில் மூச்சு வாங்கப் பின்தங்கி வருவதுபோல, இன்னொரு டிக்.