கல்வெட்டை மறைத்த அலமாரி

நகரின் நடுவிலிருந்த பழைய நூலகத்தை இடிக்க அதிகாரி ஒரு காகிதக் கட்டோடு வந்திருந்தார். "நூறு வயசு ஆனதற்கு அத்தாட்சி இருந்தால் விட்டுவிடலாம்" என்றார். நூலகர் கையைப் பிசைந்தார்.

அத்தாட்சி எங்கே என்று சுவர்ப்பல்லிக்குத் தெரியும். திறப்புவிழாக் கல்வெட்டை ஒரு பெரிய அலமாரி மறைத்து நின்றது. பல்லி அலமாரிக் கறையானிடம் ஓடியது.

"அக்கா, அலமாரியின் முன்கால் இரண்டையும் உடனே தின்றுவிடுங்கள்!"

"எங்கள் வீடு சாய்ந்துவிடுமே, தம்பி?"

"கட்டடமே போய்விட்டால்?"

"எங்களைத் தின்னச் சொல்லி ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை" என்று கறையான் குடும்பத்தோடு வேலையில் இறங்கியது.

அதிகாரி கிளம்புவதற்குள் அலமாரி தடாலென்று விழுந்தது. கல்வெட்டைப் படித்தவர் அசந்துபோனார். நூற்றுப் பன்னிரண்டு வயசு! கட்டடம் தப்பியது.

நூலகர் முதல் வேலையாகக் கறையான் மருந்துக்கு ஆளனுப்பினார். பல்லி பதறித் தேடியபோது, அதிகாரியின் கையிலிருந்த காகிதக் கட்டிலிருந்து குரல் வந்தது: "நாங்கள் இங்கே பத்திரம், தம்பி. இடிப்பு ஃபைல் நல்ல ருசி!"