பெரியாத்தாளின் பட்டினி

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவன் இன்றைக்கும் தன் உதட்டைத் தொட்டான். தொட்ட விரலை அப்படியே ரோஸ்மேரியை நோக்கி நீட்டினான்.

பத்தடித் தண்ணீருக்குள் இருந்த ரோஸ்மேரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயில் காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு இருப்பவளால் நாலு வார்த்தை திட்டக்கூட முடியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடுக்கியில் பிடித்திருந்த மீன் துண்டை மணலில் வைத்தாள்.

பெரியாத்தாள் வந்தது. அந்தத் தொட்டியிலேயே பெரிய திருக்கை மீனுக்கு முதலாளி வைத்த பெயர் அது. விரித்துப் போட்ட ஜமக்காளம் போல இரையின் மேல் வந்து படுத்தது. பிறகு தின்னாமலே எழுந்து போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு துண்டைத் தின்றதுதான். அதன் பிறகு இன்றோடு நாலு நாள் பட்டினி.

ரோஸ்மேரி தூத்துக்குடியில் சங்கு குளிக்கிற வீட்டுப் பெண். அவிநாசிபாளையம் பக்கம் தமிழ்செல்வன் இந்த மீன் காட்சியகத்தைக் கட்டியதிலிருந்து திருக்கைகள் அவள் பொறுப்பு. தண்ணீரை மூன்று முறை சோதித்துவிட்டாள். உப்பும் சூடும் சரியாகவே இருந்தன. இரையிலும் குறை வைக்கவில்லை. வலையில் நசுங்கிய மீன் வேண்டாமென்று போன வாரம்தான் ஊரிலிருந்து நயமான தூண்டில் மீனாக வரவழைத்திருந்தாள்.

மிச்சம் இருந்தது அந்த ஆள்தான். அவன் முதலில் வந்ததும் அதே ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம், இரை போடுகிற நேரம் பார்த்து வந்துவிடுகிறான். தொட்டிக்கு அடியில் இருக்கும் கண்ணாடிக் குகையில் ஜனங்கள் நடந்து போவார்கள். தலைக்கு மேலே நீந்தும் திருக்கையின் வெள்ளை வயிற்றையும் அடிப்பக்கம் இருக்கும் அதன் வாயையும் அண்ணாந்து பார்த்துச் சிரிப்பார்கள். இவன் சிரிப்பதில்லை. கண்ணாடியைத் தட்டித் தட்டி ரோஸ்மேரியைக் கூப்பிடுவான்.

அவள் மேலே ஏறி வந்தபோது தமிழ்செல்வன் காத்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்காச்சும் தின்னுச்சா கண்ணு?"

"இல்ல சார். எனக்கு அந்தாளு மேலதான் சந்தேகமா இருக்கு. கண்ணாடியைத் தட்டி மீனை மிரட்டுதான். என்னையப் பாத்து உதட்டைத் தொட்டு வேற காட்டுதான்."

"ஆரு அவன்?"

"ஏதோ பனியன் கம்பெனி ஆள் சார். கழுத்துல கம்பெனி அட்டை கெடக்கு."

பக்கத்தில் நின்ற காவலாளி நல்லான் தலையைச் சொறிந்தார். "நானும் பின்னாடி நின்னு விசில் ஊதிப் பாத்துட்டனுங்க. திரும்பறதே இல்லீங்க. திமுரு புடிச்சவனாட்ட இருக்குதுங்க."

தமிழ்செல்வனின் முகம் இறுகியது. "பொம்பளப் புள்ளைக வேலை செய்யற எடம். இன்னைக்குக் கேட்டுப்போடலாம், நடங்க."

மூவரும் குகைக்குள் இறங்கினார்கள். ரோஸ்மேரியின் ரப்பர் உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது.

அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"யாருல நீ? தெனமும் எதுக்கு வாரே?"

அவன் பதில் சொல்லவில்லை. சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்து, குகையின் நடுவே இழுத்தான்.

ரோஸ்மேரி ஓங்கி ஓர் அறை விட்டாள்.

சத்தம் கேட்டு, போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். நாலைந்து செல்போன்கள் உயர்ந்தன. நல்லான் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். கன்னத்தில் கை வைத்தபடி நின்றவனின் கண்கள் கலங்கியிருந்தன. ஆனாலும் அடங்கவில்லை. மறுபடி உதட்டைத் தொட்டு, மறுபடி அவளை நோக்கி விரலை நீட்டினான்.

"பாத்தீங்களா சார், அடி வாங்கியும் காட்டுதான்."

"போலீசைக் கூப்புடுங்க நல்லான்," என்றார் தமிழ்செல்வன்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள். கையில் இரண்டு டிக்கெட், கழுத்தில் அவனுடையதைப் போலவே ஒரு கம்பெனி அட்டை. வந்தவள் அவனுக்கும் நல்லானுக்கும் நடுவே புகுந்து நின்றாள்.

"அடிக்காதீக. எம் புருசன்தான். அவுகளுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது."

நல்லானின் பிடி தளர்ந்தது. ரோஸ்மேரிக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. பேச்சு வராதவன் என்றால் பெண்பிள்ளையிடம் இப்படி நடந்துகொள்ளலாமா?

"பேச வராட்டா? தெனமும் வந்து உதட்டைத் தொட்டு என்னையக் காட்டணுமா?"

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் விழித்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள். அவன் தலைக்கு மேலே கையைக் காட்டி, விரலைக் கொக்கி போல வளைத்து, உதட்டோரம் மாட்டி இழுத்துக் காட்டினான். வலிப்பதுபோல் முகத்தைச் சுளித்தான்.

"நாலு நாளா ஊட்டுலயும் இதேதான். ராத்திரிச் சோறு எறங்கல அவுகளுக்கு. நம்ம பேச்சு அங்க யாருக்கும் புரியல, நீ வந்து சொல்லுன்னு இன்னைக்கு என்னையக் கூட்டியாந்தாக."

"என்னத்தைச் சொல்ல?"

"மீனு வாயில தூண்டில் முள்ளு குத்தியிருக்காம் தாயி, உங்கள எடுத்துவிடச் சொல்லுதாக."