வலிக்கிற இடம்

வகுப்பில் டீச்சர் பிள்ளைகளின் வீட்டுமொழியில் பேசினால் வேலை போய்விடும். புது உத்தரவு. கண்காணிக்க வந்த அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒன்றாம் வகுப்பு அமலி திடீரென்று வீறிட்டு அழுதாள். எந்த மொழியில் அழ வேண்டும் என்று உத்தரவில் இல்லை. எங்கே வலிக்கிறது என்று ரெஜினா டீச்சர் அரசு மொழியில் கேட்டார். அமலிக்குப் புரியவில்லை, அழுகை கூடியது. டீச்சர் அவள்முன் மண்டியிட்டு, தன் வயிற்றைப் பிடித்து முகம் சுளித்துக் காட்டினார். அமலி விழித்தாள். காதைப் பொத்திக் காட்டினார். பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டார். அமலியின் அழுகை சட்டென்று நின்றது. டீச்சரின் கன்னத்தைத் தொட்டு, வகுப்பே கேட்கும்படி, வீட்டுமொழியில் கேட்டாள்:

"ரொம்ப வலிக்குதா டீச்சர்?"

அதிகாரி நிமிர்ந்தார். டீச்சரின் கை தொண்டையிலேயே இருந்தது. அமலி பதிலுக்குக் காத்திருந்தாள்.