வாரம் இருபது புத்தகம்

ஜம்புநாதன் இரண்டு பை நிறையப் புத்தகங்களோடு கிளம்புவதைப் பார்த்ததும் கல்பகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தெலுங்கு பேசும் ஊரான ராமச்சந்திராபுரம் ஃபேக்டரி டவுன்ஷிப்பில் தமிழ்ச் சங்க நூலகம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் திறக்கும். ஆறு மாதமாக அதைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்பவள் கல்பகம். ஃபேக்டரி ஃபோர்மேன் ஜம்புநாதனோ குடும்பத்தார் பெயரில் ஐந்து கார்டு வைத்துக்கொண்டு வாரம் இருபது புத்தகம் அள்ளுவார். பிள்ளைகள் எல்லாம் அமெரிக்காவில். வீட்டில் இருப்பது அவர் ஒருவர்தான்.

"அட்டையைக்கூடப் பார்க்காம எடுக்கறார். இன்னிக்கு கர்ப்பிணிகளுக்கான சமையல் குறிப்பு! அந்த மனுஷனுக்கு அது எதுக்கு?" என்று வீட்டில் பொருமினாள்.

"ஒழுங்காத் திருப்பித் தர்றாரில்ல, விடேன்" என்றார் கணவர் ராஜாராமன்.

"பாலாநகர் பக்கம் கொண்டுபோய் வாடகைக்கு விடறார். எனக்கு நல்லாத் தெரியும்."

அடுத்த ஞாயிறு வெல்ஃபேர் ஆபீசர் வைத்தியநாதன் வந்து நின்றார். கம்ப்யூட்டர் கிளாஸுக்கு ரூம் கேட்டு ஏகப்பட்ட பேர் அலைகிறார்கள். மாதம் நூறு புத்தகமாவது வெளியே போகாவிட்டால் நூலகம் காலி என்பது ஃபேக்டரி முழுக்க ஏற்கெனவே தெரிந்த விதி.

கல்பகம் பெருமையாக ரிஜிஸ்டரை நகர்த்தினாள். நூற்றுப் பதினெட்டு.

"அட! யாரு இவ்வளவு படிக்கறது?"

சொல்லி வைத்தாற்போல் ஜம்புநாதன் பைகளோடு உள்ளே நுழைந்தார். கல்பகத்தால் வாயை அடக்க முடியவில்லை.

"இவரையே கேளுங்க சார். சங்கத்துப் புத்தகத்தை வாடகைக்கு விட்டு சம்பாதிக்கறார்!"

"நிஜமாவா? இல்ல, எல்லாத்தையும் நீங்களே படிக்கறீங்களா?" என்றார் ஆபீசர்.

ஜம்புநாதன் ரிஜிஸ்டரைப் பார்த்தார்.

"ஹவ் சார், ஆமா. வாடகைக்குத்தான் விட்டேன். நிறைய பேர் படிக்கறாங்க."

கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்கிறாரே என்று கல்பகம் பல்லைக் கடித்தாள்.

"தப்புதான். ஆனா காசு கொடுத்துப் படிக்க ஆள் இருக்குன்னா லைப்ரரி வேணும்னுதானே அர்த்தம்? ரூம் உங்களுக்கே இருக்கட்டும் மேடம். இவர்கிட்ட எழுதி வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு ஆபீசர் கிளம்பினார்.

கல்பகம் விறுவிறுவென்று எழுதினாள். செய்தது தவறு, கார்டுகளை ஒப்படைக்கிறேன், இனி நூலகப் படி ஏற மாட்டேன்.

"படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

ஜம்புநாதன் பேனாவை வாங்கி, அடியில் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார்.

"படிக்காமலே போட்டா எப்படி? நாளைக்கு நானா எதையோ எழுதிக்கிட்டேன்னு சொல்றதுக்கா?"

"எனக்குத் தமிழ் பேசத்தான் வரும் மேடம், படிக்க வராது. இங்கயே பொறந்து தெலுங்கு மீடியத்துல படிச்சவன்."

கல்பகத்துக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. "அப்ப இந்த இருபது புத்தகம்?"

"வாடகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பையை விட்டு வெளியவே எடுக்க மாட்டேன். நூறு தாண்டலைன்னாலும், யாரும் படிக்கலைன்னு தெரிஞ்சாலும் ரூமைப் பிடுங்கிடுவாங்களே! ஞாயித்துக்கிழமை தமிழ் காதுல விழ எனக்கு வேற எடம் ஏது?"

பேனாவை மூடி வைத்தவர், தயங்கிக் காகிதத்தைக் காட்டிக் கேட்டார்.

"இனிமே நான் இங்க வரக்கூடாதுன்னு அதுல எழுதலையே, மேடம்?"